உள்ளே அழைத்தவர் பெயர்

சாந்தாமணி வாசலில் நிற்பதாகத்தான் இன்றைக்கும் எனக்கு நினைவு வருகிறது. நீல நைட்டி, தோளில் துண்டு, ஈரக் கை. "வாங்க, உள்ள வாங்க" என்கிறார். அது நடக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி ஒரு நூற்பாலையில் இருந்தார். ஆலையின் வருகைப்பதிவு இயந்திரத்தில் அவருடைய கட்டைவிரல் பதிந்திருக்கிறது. இருந்தும் கண்ணை மூடினால் அவர்தான் வருகிறார். நானே எழுதி, நானே படித்து, மேலதிகாரிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லி, இல்லாத ஒருவரை அந்த வாசலில் நிறுத்திவிட்டேன். ஆகவே இனி நான் சொல்லப்போவதில் எவ்வளவு சரி, எவ்வளவு நானாகச் சேர்த்துக்கொண்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தெரிந்தவரை சொல்கிறேன்.

என் பெயர் தனபால். காவல்துறையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். கடைசிப் பதினோரு வருடம் ரைட்டர். காவல் நிலையத்தில் நடப்பதையெல்லாம் காகிதத்தில் ஏற்றுகிறவனுக்கு அந்தப் பெயர். சாட்சி என்ன சொன்னாலும் அது ரைட்டரின் கை வழியாகத்தான் வாக்குமூலம் ஆகும். அழுதுகொண்டு சொன்னாலும் திக்கிச் சொன்னாலும் எல்லோருடைய வாக்குமூலமும் ஒரே நடையில் இருப்பது அதனால்தான்.

கோயம்புத்தூரில் கொலை வழக்குகளை விசாரிக்கும் எங்கள் பிரிவின் இன்ஸ்பெக்டர் சென்னகேசவன் ரத்தக் காட்டேரி. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, அரசாணையிலேயே இருக்கிறது. மாநிலத்தில் அப்படி ஏழு பேர் பணியில் இருந்தார்கள். இவர் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நூறு வருடத்துக்கு முன்னால் இங்கே பிளேக் வந்த காலத்தில், ஊருக்கு வெளியே போட்ட கொட்டகையில், முப்பத்தெட்டு வயதில் அவருக்கு அது நேர்ந்தது. அதற்குப் பிறகு வயது ஏறவில்லை. யார் கடித்தது என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. நாங்கள் இருவரும் அதிகம் பேசாதவர்கள். சாயங்காலம் ஆறரைக்கு அவர் வருவார். அவர் கோப்பைப் படிப்பார், நான் எழுதுவேன். இரண்டு மணி நேரம் ஒரு சொல்லும் இல்லாமல் போகும். அந்த அமைதிக்காகவே நான் இடமாற்றம் கேட்காமல் பதினோரு வருடம் அங்கே இருந்தேன்.

புதிதாக வருகிற காவலர்கள் பயப்படுவார்கள். ஒரு வாரத்தில் பயம் போய்விடும். பிறகு கிண்டல் வந்துவிடும்.

"ஏனுங்க ரைட்டரு, ஐயாவுக்கு ரிட்டையர்மெண்ட் எப்பங்க?"

"உம்பட பேரன் ரிட்டையர் ஆகட்டும், அப்பறம் பாக்கலாம்."

கொலை நடந்த இடத்தில் தரையில் மூன்று பேருடைய ரத்தம் கலந்து கிடந்தால் மூன்று பேர் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்வார். ஆய்வகத்தின் முடிவு இருபது நாள் கழித்து அதையே சொல்லும். அவரை வைத்திருந்ததற்கு அதுதான் காரணம்.

அவரைக் கட்டுப்படுத்துபவை மூன்று. வெயில் படக்கூடாது. மனித ரத்தம் தொடக்கூடாது. தொட்டால் அன்றோடு வேலை இல்லை, வழக்கு உண்டு. மூன்றாவது, குடியிருப்பவர் யாராவது உள்ளே அழைக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் அவரால் நுழைய முடியாது. இரண்டாவது மட்டும் சட்டத்தில் எழுதியது. மற்ற இரண்டும் அவருடைய உடம்பிலேயே உள்ளவை. வெயில் பட்டால் எரிந்துபோவார். அழைக்காத வாசற்படியில் கால் எழாது. இதற்காக எங்கள் பிரிவின் சோதனைப் படிவத்தில் மட்டும் கூடுதலாக ஒரு கட்டம் அச்சடித்திருந்தார்கள்: உள்ளே அழைத்தவர் பெயர்.

வேறு மாவட்டமாக இருந்தால் இந்தக் கட்டம் பாதி நாள் காலியாக இருந்திருக்கும். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. கைது செய்ய வந்தவரைக்கூட "வாங்க" என்று சொல்லாமல் வாசலில் நிற்க விட யாருக்கும் மனம் வராது. மகனை விலங்கு மாட்டிக் கூட்டிப்போக வந்த எங்களை "வாங்க, மோர் குடிக்கறீங்களா" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கதவைத் திறப்பதற்குள் வாய் சொல்லிவிடும். சொன்ன பிறகுதான் வந்தது யார் என்று தெரியும். பதினோரு வருடத்தில் ஐயா எந்த வாசலிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை.

அவருடைய சாப்பாடு ஆட்டு ரத்தம். உக்கடம் பக்கம் கறிக்கடை வைத்திருக்கும் பஷீர் தினமும் விடியற்காலையில் எடுத்து வைப்பார். நான் மூடி போட்ட தூக்குப்போசியில் வாங்கி வந்து அலுவலகத்தின் சின்னக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பேன். முதல் நாள் நான் தயங்கி நின்றபோது பஷீர் சிரித்தார்.

"எதுக்குங்க மூஞ்சியத் திருப்பறீங்க? நீங்களும் இட்லிக்கு ரத்தப் பொரியல் திங்கறவங்கதானுங்களே. உங்களுக்கு வெங்காயம் வேணும், அவருக்கு வேண்டாம். அவ்வளவுதான் வித்தியாசம்."

வருடத்தில் சில நாள் கறிக்கடைகள் அடைப்பு. அதற்கு முந்தின நாளே இரண்டு போசி வாங்கி வைத்துவிடுவேன். அந்த வருடம் தை மாதத்தில் வள்ளலார் நினைவு நாளும் குடியரசு தினமும் அடுத்தடுத்து வந்தன. வள்ளலார் நாளன்று என் மகள் நித்யஸ்ரீக்கு நிச்சயம். முந்தின நாள் நான் சமையல்காரரோடும் மண்டபக்காரரோடும் அலைந்துகொண்டிருந்தேன். போசி மறந்துவிட்டது. குடியரசு தினத்தன்று சாயங்காலம் நான் பணிக்கு வந்தபோது ஐயா இரண்டு நாளாக ஒன்றும் குடிக்கவில்லை. "நிச்சயம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா தனபாலு?" என்று மட்டும் கேட்டார். முடிந்தது என்றேன். அவர் உதடு வெளுத்திருந்தது. நாளைக் காலையில் கடை திறந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதை எந்த விசாரணையிலும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

அப்போது எங்களிடம் இருந்த வழக்கு பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் நடந்த கொலை. தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த பொங்கியண்ணன் என்ற எழுபது வயதுக்காரரைத் தலையில் அடித்துக் கொன்றிருந்தார்கள். அந்தத் தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றிப்போகிற வண்டியின் ஓட்டுநர் நிதீஷ். வயது இருபத்துநான்கு. மதுக்கரையில் அம்மாவோடு குடியிருந்தான். கொலை நடந்த நேரத்தில் அவனுடைய செல்போன் அந்தத் தோப்பின் பக்கமே இருந்தது. அவன் மேல் இருந்தது அந்த ஒரு சந்தேகம்தான். கூட்டி வந்து விசாரிக்கலாம் என்று முடிவு செய்தோம். வழக்கமாக இரண்டு காவலர்கள் கூட வருவார்கள். அன்று எல்லோரும் குடியரசு தின பந்தோபஸ்தில் இருந்தார்கள். ஐயாவும் நானும் மட்டும் போனோம்.

மதுக்கரையில் சிமெண்டுத் தூசி படிந்த முருங்கை மரம் ஒன்று, அதன் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள். மணி ஏழாகப் பத்து நிமிடம் இருந்தது. மூன்றாவது வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே தொலைக்காட்சியில் காலை அணிவகுப்பை மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள். லுங்கியும் பனியனுமாக ஒரு பையன் தரையில் உட்கார்ந்து கத்தியால் சின்ன வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்க சார், உள்ள வாங்க. அம்மா மில்லுக்குப் போயிருக்குது. உக்காருங்க."

இதே சொற்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஐயா உள்ளே போனார். அதில் சந்தேகமில்லை. யாரும் அழைக்காமல் அவரால் போயிருக்க முடியாது. அந்த வீட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை.

பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டான். நாங்கள் யார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் வீட்டுக்கு வந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதை அவன் கை செய்துகொண்டே இருந்தது. சமையல் கட்டுக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். இடதுகை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. வெங்காயம் அரியும்போது வெட்டியிருக்க வேண்டும். துணி நனைந்து அவிழ்ந்துகொண்டிருந்தது.

"தண்ணி குடிங்க சார்."

யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் ஐயா மறுக்கமாட்டார். குடிக்கவும் மாட்டார். சொம்பை வாங்கி உதட்டருகே கொண்டுபோய்க் கீழே வைத்துவிடுவார். அவமரியாதை ஆகக்கூடாது என்று அப்படி ஒரு பழக்கம். அன்றும் வாங்கினார். சொம்பின் விளிம்பில் ரத்தம் ஒட்டியிருந்தது. அது எனக்குத் தெரிந்தது. அவருக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

நான் அந்த நேரம் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அல்லது வேண்டுமென்றே அங்கே பார்க்கத் தொடங்கினேன். பெரிய சத்தம் எதுவுமில்லை. சொம்பு விழுந்து உருண்டது. திரும்பியபோது நிதீஷ் இரண்டு கைகளாலும் ஐயாவின் தோள்களைப் பிடித்திருந்தான். மயங்கி விழுகிற ஒருவரைத் தாங்கிப் பிடிப்பது போல இருந்தது. ஐயா என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். மூன்றாவது முறைதான் அவருக்குக் கேட்டது. அதற்குள் முடிந்துவிட்டது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். முகத்தில் நிறம் வந்திருந்தது. பதினோரு வருடத்தில் அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை.

"தனபாலு," என்றார். "என்னங்க பண்ணிப்போட்டேன் நானு?"

தொலைக்காட்சியில் ஒட்டகப் படை போய்க்கொண்டிருந்தது.

ஏழரை மணிக்குச் சாந்தாமணி ஓடிவந்தார். நீல நைட்டியெல்லாம் இல்லை. ஆலைச் சீருடையில், தலையில் பஞ்சோடு வந்தார். அதற்குள் உடலை வண்டியில் ஏற்றியிருந்தோம். அவர் முகத்தை நான் அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

பிறகு நான் படிவத்தை எடுத்து எழுத உட்கார்ந்தேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. அது என் வேலை, நான் உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட மரணத்துக்கு எங்களிடம் ஒரு நடை உண்டு, அதில் சந்தேகத்துக்கு உள்ளானவர் 'எதிரி'. எதிரி கத்தியால் தாக்க வந்தார், தற்காப்புக்காகத் தடுத்தபோது காயம் ஏற்பட்டது. கத்தி இருந்தது, ரத்தமும் அதில் இருந்தது. அவனுடைய ரத்தம்தான். அழைத்தவர் பெயர் என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டு நாற்காலி துடைத்துப் போட்டவன் கத்தியை எடுத்தான் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். கூப்பிட்டது வேறு ஒருவராக இருக்க வேண்டும். அன்று விடுமுறை. ஆலை ஓடாது, அம்மா வீட்டில் இருந்திருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவன் சொன்ன 'மில்லுக்குப் போயிருக்குது' என்பதும் அந்தம்மாவின் தலையில் கண்ட பஞ்சும் அந்த நேரத்தில் என் மண்டையில் இல்லை. நான் எழுதினேன்: சாந்தாமணி, எதிரியின் தாயார்.

பதினோரு வருடம் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் அம்மாக்களின் பெயர்தான் எழுதியிருக்கிறேன். கை தானாகப் போயிற்று.

காவல்துறையின் கையில் ஒருவர் செத்தால் நீதித்துறை நடுவர் விசாரிப்பார். விசாரணை பங்குனியில் தொடங்கியது. சாந்தாமணிக்காக பிரான்சிஸ் என்ற வக்கீல் வந்தார். முதல் நாளே ஆலையின் வருகைப்பதிவை வாங்கித் தாக்கல் செய்துவிட்டார். ஏற்றுமதிக்கு அவசர வேலை என்று விடுமுறையிலும் ஒரு ஷிப்டு ஓட்டியிருக்கிறார்கள். சாந்தாமணி கட்டைவிரல் வைத்து வெளியே வந்தது ஏழு மணி நான்கு நிமிடத்துக்கு.

என்னை விசாரிக்கிற நாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு காகிதத்தைக் கொடுப்பதற்காக நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். தாழ்வாரத்தில் சாந்தாமணி தனியாக நின்றிருந்தார். ஒல்லியான பெண்மணி, ஐம்பது இருக்கும். என்னைப் பார்த்துத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஏனுங்," என்று கூப்பிட்டார். "ரைட்டரு நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"எம் பேர எதுக்குங்க அதுல எழுதுனீங்க?"

நான் கையில் இருந்த காகிதத்தை மடித்தேன்.

"நான் ஊட்டுலயே இல்லீங்க. எந்திரத்துல இருக்குது, வக்கீலு காட்டிப்போட்டாரு. ஆனா அந்தக் காயிதத்துல எம் பேருதான் இருக்குது. கொழாயில தண்ணி புடிக்கப் போனா என்னங்க பேசறாளுக, சாந்தாமணி வாங்கன்னு கூப்புட்டு உட்டுச்சாம், அதான் அது உள்ள வந்துச்சாம்ங்கறாளுக. எம் மொகத்துக்கு நேரா சொல்றாளுகங்க. நாங் கூப்புட்டு அவரு வந்திருந்தா நான் கொன்னதாட்டத்தானுங்களே?"

"இல்லீங்க அம்மணி…"

"இருங்க. அவர செயில்ல போடோணும்னு நான் கேக்கலீங்க. அது உங்க சர்க்காரு பாடு. எம் பையன் அந்தப் பெரியவரக் கொன்னானா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாதுங்க. கேக்கறதுக்கு அவன் இல்ல. அந்தக் கட்டத்துல இருந்து எம் பேர மட்டும் எடுத்துப்போடுங்க. எனக்கு வேறொண்ணும் வேண்டாமுங்க."

அவர் கை கூப்பவில்லை. அழவும் இல்லை. பேசி முடித்ததும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பிரான்சிஸ் நின்ற பக்கம் போய்விட்டார்.

மறுநாள் மதியம் ஐயாவைப் பார்க்கப் போனேன். பணி நீக்கம் செய்து, காவலர் குடியிருப்பில் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்த ஒரு அறையில் வைத்திருந்தார்கள். வெளியே இரண்டு பேர் காவல். உள்ளே ஒரு கட்டில், ஒரு டியூப்லைட். பழைய செய்தித்தாள் ஒன்றை மடித்து வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நானும் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் எதுவும் பேசவில்லை. முன்பெல்லாம் அந்த அமைதியில் எனக்கு ஓய்வு இருந்தது.

"நாளைக்கு உங்களத்தான் கேக்கறாங்களாமா?" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"என்ன சொல்றதா இருக்கறீங்க?"

"தெரியலீங்க."

அவர் தலையை ஆட்டினார். "தூக்குன்னா எனக்கு ஒண்ணும் இல்லீங்க தனபாலு. கழுத்து வலிக்கும், நாலு நாள்ல சரியாப் போயிரும். வெயில்ல உட மாட்டாங்க, அதுக்குச் சட்டம் இல்ல. ஆயுள்னு போடுவாங்க. மத்தவங்களுக்கு ஆயுள்னா ஒரு அளவு இருக்குது. எனக்கு எவ்வளவுன்னு எழுதுவாங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"பிளேக் கொட்டாயில என்னையப் பூட்டி வெச்சிருந்தாங்க. பதினேழு நாளு. சுத்தியும் செத்துக் கெடந்தாங்க. கதவத் தொறந்து உடறதுக்கு ஒருத்தரும் இல்ல. அதுக்கப்பறம் பூட்டுன ரூமுன்னாவே எனக்கு…" அவர் முடிக்கவில்லை. "அந்தம்மா வாசல்ல நின்னுதுன்னு சொல்லிப்போடுங்க. எந்திரத்துல வேற யாராச்சும் கை வெச்சிருப்பாங்கன்னு நம்ம வக்கீலு பாத்துக்குவாரு. நூறு வருசமா ஒரு மனுசரையும் நான் தொட்டதில்லீங்க. அத எழுதறதுக்கு எந்தப் படிவத்துலயும் கட்டம் இல்ல."

நான் எழுந்தேன். வாசலில் காவலர் கதவைத் திறந்தார். ஐயா அந்தப் போசியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, அதற்கு முன்பும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கோபமாவது வந்திருக்கும்.

ஐயா வர வேண்டும் என்பதற்காக விசாரணை அறையின் ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். மின்விசிறி சுற்றும்போது ஒரு மூலையில் காகிதம் படபடத்தது. ஒரு காவலர் அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். நடுவர் பிரீத்திகா, நாற்பது வயதுக்குள் இருப்பவர், குரலை உயர்த்தாமல் பேசினார். படிவத்தைக் காட்டினார்.

"இந்தக் கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஆமாங்க அம்மா."

"எழுத்து?"

"அதுவும் என்னோடதுதானுங்க."

"யாரும் அழைக்காம இன்ஸ்பெக்டரால ஒரு வீட்டுக்குள்ள போக முடியுமா?"

"முடியாதுங்க."

"பதினோரு வருஷத்துல ஒரு தடவையாவது போயிருக்காரா?"

"இல்லீங்க."

"அந்த வீட்டுல குடியிருந்தவங்க எத்தனை பேர்?"

"ரெண்டு பேருங்க."

"ஒருத்தர் ஏழு மணி வரைக்கும் மில்லுல இருந்ததா பதிவு இருக்கு. அப்படின்னா உள்ள கூப்பிட்டது யாரு?"

எங்கள் துறையின் வக்கீல் பாதி எழுந்து என்னைப் பார்த்தார். எந்திரத்தைச் சந்தேகிக்க நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் அங்கிருந்து பிடித்துக்கொள்வார். நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தாமணி என்னைப் பார்க்கவில்லை. நடுவர் கையில் இருந்த படிவத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டச்சு செய்யும் பெண் கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் எதையும் தீர்மானித்ததாக நினைவில்லை. அந்த நேரத்தில்கூட வாசலில் நீல நைட்டியில் ஒரு பெண் நிற்பது எனக்குத் தெரிந்தது. தாழ்வாரத்தில் பேசிய பெண்மணியின் முகத்தை அவளுக்கு வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

"அந்தப் பையந்தானுங்க," என்றேன்.

"நிதீஷா?"

"ஆமாங்க."

"என்ன சொன்னாரு?"

"வாங்க சார், உக்காருங்கன்னு சொன்னாப்டிங்க. சேரத் தொடச்சுப் போட்டாப்டி. அப்பறம் தண்ணி கொண்டாந்து குடுத்தாப்டி."

"கத்தி?"

"வெங்காயத் தட்டுல இருந்துதுங்க."

"அதை அவர் எடுக்கவே இல்லையா?"

"எடுக்கலீங்க."

"அப்ப நீங்க எழுதினது?"

"நான் எழுதுனது பொய்யிங்க."

துறையின் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தட்டச்சு தொடங்கியது. அப்போது சாந்தாமணி எழுந்தார். பிரான்சிஸ் அவர் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார்.

"தண்ணி குடுத்தானுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

சாட்சியிடம் அப்படி நேரடியாகக் கேட்கக்கூடாது. நடுவர் தடுக்கவில்லை.

"குடுத்தாப்டிங்க," என்றேன்.

அவர் உட்கார்ந்தார். சென்னகேசவன் எழுந்து நின்று, ரைட்டர் சொன்னது சரி என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. வெளியே கூட்டிப்போகும்போது கறுப்புப் போர்வைக்குள்ளிருந்து அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். எத்தனை வருடம் என்று தீர்ப்பில் இல்லை. மேல்முறையீட்டில் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள், பதில் இன்னும் வரவில்லை. ஜன்னல் இல்லாத அறையில் தனியாக வைத்திருக்கிறார்கள். பார்க்க வருபவர்களை அவர் ஏற்பதில்லை. நான் இரண்டு முறை போய்த் திரும்பினேன். பஷீருக்குச் சிறையின் ஒப்பந்தம் கிடைத்தது. தினமும் அவரே கொண்டுபோய்க் கொடுக்கிறார். என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். பொய் ஆவணம் எழுதியதற்கு வழக்கு நடக்கிறது, ஜாமீனில் இருக்கிறேன். கிணத்துக்கடவு பக்கம் ஒரு தேங்காய்க் களத்தில் பகல் காவல் பார்க்கிறேன். நித்யஸ்ரீயின் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டார் தள்ளிப்போட்டு, கடைசியில் வேறு இடத்தில் நடந்தது. பொங்கியண்ணன் கொலை வழக்கைக் கண்டுபிடிக்க முடியாதது என்று மூடிவிட்டார்கள். நிதீஷ் அதைச் செய்தானா என்பது யாருக்கும் தெரியாது. திருத்திய படிவத்தின் நகலை நடுவர் அலுவலகம் சாந்தாமணிக்குத் தபாலில் அனுப்பியது. அவர் மதுக்கரை வீட்டைக் காலி செய்துவிட்டு அந்தியூரில் தங்கையோடு இருக்கிறார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சமைக்கிறார்.